இடைவெளியில் படிப்பது

மெப்பலில் இருந்து க்ரோனிங்கனுக்கு
ரயிலில் முக்கால் மணி நேரம்.
இருபத்திரண்டு ஆண்டு ரயில் ஓட்டிய ஹார்மன்
மூன்று பேருந்து மாறி,
நனைந்த குல்லாயைக் கையில் பிழிந்தபடி
எட்டே காலுக்கு என் கதவருகே நிற்பார்.

முதல் நாள் கட்டைவிரலைத் தேடினோம்.
காந்தச் சுருளைத் தலைமேல் வைத்து
சற்றே இப்படி, சற்றே அப்படி,
இடப்பக்கம் ஒரு தட்டு.
வலக்கைக் கட்டைவிரல்
அவரைக் கேட்காமல் துள்ளியது.
“யார் சொன்னாலும் கேட்கிறது,
நான் சொன்னால்தான் இல்லை” என்றார்.
சிரிப்பதா என்று தெரியாமல்
அளவைக் குறித்துக்கொண்டேன்: ஐம்பத்து நான்கு விழுக்காடு.

அங்கிருந்து ஆறு சென்டிமீட்டர் முன்னே போனால்
சோர்வு வாடகை தராமல் குடியிருக்கும் முடுக்கு.
பாடப்புத்தகம் இப்படிச் சொல்லாது. நான் சொல்கிறேன்.

நொடிக்குப் பத்துத் தட்டு.
நான்கு நொடி தட்டு, இருபத்தாறு நொடி சும்மா.
இடது இமை துடிக்கும். பல் கூசும்.
தட்டும்போது என் திரையில் கோடுகளெல்லாம்
தாறுமாறாகக் குதிக்கும், படிக்க ஒன்றும் இராது.
படிப்பதெல்லாம் அந்தச் சும்மாவில்தான்.

அந்தச் சும்மாவில் அவருடைய வலது கால்
தரையை மிதிக்கும். விடும். மிதிக்கும்.

மூன்றாம் நாள் கேட்டேன்.
ஓட்டுநர் அறையில் ஒரு மிதி உண்டாம்.
அவ்வப்போது அது கேட்குமாம், இருக்கிறாயா என்று.
மிதித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால்
வண்டி தானே நின்றுவிடும்.
“இருந்தேன்” என்றார்.
“அன்றைக்கும் இருந்தேன். அதுதான்.”

பிப்ரவரி. தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம்
ஒரு சிவப்பு சைக்கிள்.
அதற்குமேல் அவர் சொன்னதில்லை.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.
இவரை இருட்டு ஒன்றும் செய்வதில்லை.
தக்காளி. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மழைக்கோட்டு.
அவ்வளவு போதும்,
மண்டைக்குள் வாதுமைப் பருப்பளவில் ஒன்று
எழுந்து நின்று ஊதுகுழலை இழுக்கும்.

முதல் வாரத்துத் தாளில்
தூரத்தூரத்தில் இருக்கும் இரண்டு கோடுகள்
ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன,
ஒரே பாரத்தைத் தோள்மாற்றித் தூக்குகிறவர்கள்போல.
பதினெட்டாம் நாள் தாளில்
ஒன்று கொஞ்சம் பின்தங்கியது.
கொஞ்சம்தான்.
டாக்டர் ரிக்ஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“நூறு பேரைக் கூட்டி வகுத்தால் இதற்கு அர்த்தம் உண்டு.
ஒரே ஆளிடம்? பொறு.”

அன்றைக்குத்தான்,
காதடைப்பானைப் பிடுங்கி என் கையில் வைத்துவிட்டு
“எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது,
படம் இல்லை” என்றார் ஹார்மன்.

பதினேழு நாள் அதைப் பார்த்தபடிதான்
உட்கார்ந்திருந்தார்.
நான் ஏழு ஆண்டு.
கோப்பில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ஆணி.

இருபதாம் நாள் தாமதம்.
ரயில் நிலையம் வரை நடந்தாராம்.
நடைமேடையில் காபி வாங்கி
ஆறரை வண்டி வந்து போகும்வரை குடித்தாராம்.
பிறகு பேருந்து.
“ஓட்டியவன் சின்னப் பையன்.
பிரேக்கை என்ன முரட்டுத்தனமாகப் பிடிக்கிறான்”
என்று திட்டிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

நான்கு நொடி. பிறகு சும்மா.
திரையைப் பார்க்க வேண்டிய நான்
காலைப் பார்த்தேன்.
அது மிதித்துக்கொண்டுதான் இருந்தது,
முன்னைவிட மெதுவாக.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
இருபத்தாறு நொடிக்குள் எத்தனை முறை என்று
நேற்றுவரை எண்ணி வைத்திருக்கலாம்.